எங்கள் மைக் கூவிய நாள்

போன வெள்ளிக்கிழமை எங்கள் மைக் கூவிவிட்டது.

செஞ்சி பஜாரில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், எங்கள் மைக் செட் கூவாது. கடைக்கு அதுதான் விளம்பரம். போர்டெல்லாம் அப்புறம். எங்கள் வீட்டுக்காரர் சம்பாதித்து வைத்த பெயர் அது. அந்தப் பெருமையில் பாதி எனக்கும் உண்டு என்று நினைத்துக்கொண்டு திரிகிறவள் நான்.

வல்லத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். ஆடி மாதம், அம்மனுக்குக் கூழ் ஊற்றும் திருவிழா. சாயங்காலம் பாட்டுக் கச்சேரி. பாடுகிற பெண் பவித்ரா திண்டிவனத்திலிருந்து வந்திருந்தாள். அவள் காலடியில் சோப்பு டப்பா அளவுக்கு ஒரு பெட்டி.

"இது இன்னாடி?" என்றேன்.

"குரலை உடைக்கிற பெட்டி, ஆயா. அம்மன் கோவமா பேசுற வரி வரும், அப்போ கால்ல அமுக்குவேன். குரல் கரகரன்னு ஆயிடும்."

"யாருக்குடி ஆயா? அம்மான்னு கூப்புடு."

சிரித்தாள். "சரிங்கம்மா. ஆனா இது வம்பு புடிச்ச பெட்டி. சின்ன சத்தத்தக்கூட பெருசாக்கிடும். நான் பாடாம நின்னா ஸ்பீக்கர் சத்தத்தையே மைக் இழுத்துக்கும். உடனே கூவும்."

நல்ல குரலை எதற்கு உடைக்க வேண்டும்? எனக்குப் புரியவில்லை. வீட்டுக்காரர் முகம் மட்டும் மலர்ந்துவிட்டது. புது வேலை என்றால் இந்த மனுஷனுக்குப் பசிக்கவே பசிக்காது!

ஸ்பீக்கர்களை மேடைக்கு முன்னால், மைக்குக்கு முதுகு காட்டுகிற மாதிரி தள்ளி வைத்தார். பாடுகிறவளுக்காக மேடையில் இருந்த சின்ன ஸ்பீக்கரின் சத்தத்தைக் குறைத்தார்.

"உடைஞ்ச குரல் ஊறுகா மாதிரிம்மா, தொட்டுக்கத்தான். நெசக்குரல்தான் சோறு. ரெண்டையும் கலந்து வுடறேன். நீ மைக்க வாயாண்டயே வெச்சுக்கோ. வரி முடிஞ்சதும் பெட்டிய ஆஃப் பண்ணிடு" என்றார்.

மிக்சரில் கீச்சுச் சத்தத்துக்கான குமிழைக் கொஞ்சம் இறக்கினார். அதில் எழுதியிருக்கிற இங்கிலீஷ் எனக்குத் தெரியாது. கலர் தெரியும். அது சிவப்பு.

பாடிப் பார்த்தாள். கூவவில்லை.

பொழுது சாய்ந்தது. பக்கத்துக் கடலைக் கொல்லையிலிருந்து சிள்வண்டுச் சத்தம்.

"இன்னா கத்து கத்துது பாருய்யா..." என்றேன்.

"எங்கமே கத்துது? மருந்து அடிச்சு அடிச்சு எல்லாத்தையும் கொன்னுட்டானுங்க. உனுக்கு வயசாயிடுச்சு. காதுக்குள்ள கத்துது."

வீட்டிலும் இதையேதான் சொல்வார். நானும் நம்பிவிட்டேன். வயசாகவில்லையா எனக்கு? டாக்டரிடம் காதைக் காட்டலாம் என்றுகூட நினைத்திருந்தேன்.

கச்சேரி ஆரம்பித்தது. நல்ல கூட்டம். விழாக் கமிட்டிக்காரர் ஒருவர் வந்து, "சத்தம் பத்தல நைனா, ஏத்து!" என்றார். இவரும் ஏற்றினார்.

அம்மன் பாட்டு வந்தது. பவித்ரா பெட்டியை அமுக்கினாள். அடேயப்பா... அம்மனே மேடையேறி அதட்டின மாதிரி! முன்வரிசையில் ஒரு பெண் அருள் வந்து ஆட ஆரம்பித்தாள்.

அப்போதுதான் கூவியது.

தடியான ஊளை இல்லை. ஊசி மாதிரி, மெலிசாக, நீளமாக. ஜனங்கள் காதைப் பொத்தினார்கள். ஒரு குழந்தை வீறிட்டது. சாமி வருகிற நேரத்தில் மைக் கூவினால் ஊரில் என்ன பேசுவார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா?

திரும்பி இவரைப் பார்த்தேன். மிக்சர் முன்னால் நின்று தாளத்துக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தார். முகத்தில் சிரிப்பு.

"யோவ் மைக்கு! கூவுதுய்யா! காது செவுடா?" என்று யாரோ ஒருவன் கத்தினான்.

இவர் அவனைப் பார்த்தார். காதைப் பொத்தி நின்ற கூட்டத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

எனக்குப் புரிந்துவிட்டது. அவருக்கும்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மிக்சரில் நான் கை வைத்ததில்லை. அவர் விட்டதும் இல்லை. அன்றைக்குக் கையை நீட்டிச் சிவப்புக் குமிழை இறக்கினேன். சத்தம் நின்றது.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"கூவுச்சா?" என்றார்.

"ம்."

"ரொம்பவா?"

என் கையை எடுத்துத் தன் தோள்மேல் வைத்துக்கொண்டார். "வந்தா அமுக்கு" என்றார். அவ்வளவுதான்.

அப்புறம் மைக் கூவவில்லை. ஊசிச் சத்தம் கிளம்பும்போதே நான் தோளை அமுக்குவேன், அவர் குமிழை இறக்குவார். கச்சேரி முடிந்ததும் பவித்ரா ஓடிவந்து, "சூப்பர் நைனா!" என்றாள். இவர் வயரைச் சுருட்டிக்கொண்டே இருந்தார்.

காது ஒரேயடியாகப் போவதில்லை போலிருக்கிறது. மெலிசான சத்தம் முதலில் போகிறது. போனது நம்மிடத்தில் என்று தெரியாமல், உலகத்தில்தான் அது இல்லாமல் போய்விட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். மருந்தடித்தவன்மேல் பழி போடுகிறோம். பக்கத்தில் இருக்கிறவளுக்கு வயசாகிவிட்டது என்கிறோம்...

மறுநாள் பொழுது சாயும் நேரம். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏமே... இப்போ கத்துதா?"

சிள்வண்டைத்தான் கேட்கிறார் என்று தெரிந்தது. இல்லை என்று சொல்லிவிடலாமா? வாய்வரைக்கும் வந்தது. ஆனால் என் கையை அவரேதானே எடுத்துத் தோள்மேல் வைத்துக்கொண்டார்?

"கத்துதுய்யா."

"எந்தப் பக்கம்?"

கை காட்டினேன்.

எழுந்து, நாற்காலியை அந்தப் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

அன்றைக்கென்று பார்த்து, அந்தச் சனியன்கள் என்ன கத்து கத்தின!