தின்றதெல்லாம் எங்கே போகிறது?

ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளிவிடுவதை வாங்கி, பேர் எழுதி ஒட்டி, பத்திரமாக வைப்பதுதான் எங்கள் தொழில். லேபில் காலம் தள்ளும் சக பாவப்பட்டவர்களே, உங்களுக்குச் சொல்லவா வேண்டும்! நான் இருப்பது ராமநாதபுரத்தில் ஒரு சின்ன லேப். காத்திருப்பது எனக்கு ஆகாது. இந்த வேலையில் பாதி காத்திருப்புதான்.

ஐந்து மணி நேரம்

சாயல்குடிப் பக்கம் உப்பளத்தில் வேலை பார்க்கும் பாண்டியம்மாள், கணவன் முருகேசனோடு வந்தாள். இரண்டாள் சோறு தின்கிறாள். உடம்போ மாதாமாதம் கரைகிறது. மாமியார் வீட்டில் யாரும் நம்பவில்லை. சோற்றை மறைவாகக் கொட்டிவிடுகிறாள் என்று பேச்சு. தின்பது உடம்பில் ஒட்டுகிறதா என்று பார்க்கச் சொல்லி டாக்டர் எங்களிடம் அனுப்பியிருந்தார்.

முதலில் சைலோஸ் என்ற சர்க்கரையைக் கரைத்துக் குடிக்கக் கொடுத்தேன். அடுத்த ஐந்து மணி நேரச் சிறுநீர் முழுவதையும் சேர்க்க வேண்டும். குடல் நன்றாக உறிஞ்சியிருந்தால் அந்தச் சர்க்கரை சிறுநீரில் போதிய அளவு வந்துவிடும். கொஞ்சம் வீணானாலும் கணக்குத் தப்பும் என்பதால், அவள் அசைந்தாலே நான் எழுந்து நின்றேன். கடிகாரத்துக்கும் அவளுக்கும் நடுவே நடையாய் நடந்தேன். கடைசியில் அவளே சொன்னாள்: "செத்த இங்கன உக்காருங்கக்கா. உங்களப் பாத்துப் பாத்தே எனக்கு முட்டிக்கிட்டு வருது."

பத்தியம்

குடலில் குறை இல்லை. அடுத்தது கொழுப்பு. சீட்டில் எழுதிக் கொடுத்த அளவுக்கு நெய்யும் எண்ணெயும் சேர்த்துச் சாப்பிட வேண்டும். மூன்று நாள் மலம் முழுவதையும் மூடி போட்ட டின்னில் கொண்டுவர வேண்டும். கொழுப்பு செரிக்காமல் வெளியேறினால் அதில் தெரிந்துவிடும். சொன்ன நாளில் டின் வந்தது. எடை போட்டு, மதுரைக்கு அனுப்பினோம். ரிசல்ட் நார்மல்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இந்தத் தாள் ஊருக்குப் போனால், சோற்றைக் கொட்டுகிறவள் என்ற பேச்சுக்கு நாங்களே முத்திரை குத்திக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். ரிப்போர்ட் வாங்க வந்த முருகேசனிடம், அந்த மூன்று நாளும் என்ன சாப்பிட்டாள் என்று கேட்டேன். அவன் பெருமையாக நிமிர்ந்தான். "வயித்துக் கோளாறுக்காரிக்கு நெய்ய ஊத்திக் கொல்லச் சொல்றீகளா மேடம்? கஞ்சியும் சுட்ட அப்பளமுந்தான். ஒரு சொட்டு எண்ணெ கண்ணுல காட்டல."

மறுபடியும் டின்

உள்ளே போகாதது வெளியே எப்படி வரும்? அவனிடம் கத்திவிட்டேன். பிறகு வெட்கமாக இருந்தது. சீட்டைக் கொடுத்தேனே தவிர, எதற்கு நெய் என்று நான்தான் சொல்லவில்லை. பத்தியம் இருப்பது நம் ரத்தத்தில் ஊறியது. சீட்டு அதை ஜெயிக்குமா?

டாக்டரிடம் கேட்டு, மறுபடி ஆரம்பித்தோம். இந்தத் தடவை காலை, மதியம், இரவு என்று போன் போட்டு "நெய் ஊத்தியாச்சா?" என்று கேட்டு அவர்கள் உயிரை எடுத்தேன். நாலாம் நாள் டின்னோடு பஸ்ஸில் வந்து இறங்கிய முருகேசன் நெளிந்தான். "கருப்பட்டின்னு நெனச்சு, அலுங்காம இருக்கட்டும்னு கண்டக்டரு தன் சீட்டுக்கு அடியில வச்சுக்கிட்டாரு மேடம். நான் வாயத் தொறக்கல."

ரிப்போர்ட்

கொழுப்பு, இருக்க வேண்டியதைவிடப் பல மடங்கு. குடல் நன்றாக இருப்பதால் கோளாறு, கொழுப்பைச் செரிக்க நீர் சுரக்கும் கணையத்தில்தான் இருக்க வேண்டும், சாப்பாட்டோடு மாத்திரை எடுத்தால் உடம்பு தேறும் என்றார் டாக்டர். ஒருத்திக்கு நோய் இருக்கிறது என்று தெரிந்து நான் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

பாண்டியம்மாள் தாளை வாங்கி மேலும் கீழும் பார்த்தாள். எல்லாம் இங்கிலீஷ். எண்களின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே கேட்டாள்: "நான் சோத்தத் தின்னேன்னு இதுல எந்த எடத்துலக்கா இருக்கு? அத மட்டும் பேனாவுல கோடு போட்டுக் குடுங்க."

ரிப்போர்ட்டில் பேனா படக்கூடாது என்பது எங்கள் லேப் விதி. மீறுவது என்று ஆனபின் ஒரு கோடு போதுமா என்று யோசித்து, கொழுப்பு எண்ணுக்கு அடியில் இரண்டாகவே போட்டுக் கொடுத்தேன்.