கலியம்மாளுக்குக் கொள்ளி வைத்த சாயங்காலம்

கலியம்மாள் தன் கிணற்றைத் திட்டாமல் தண்ணீர் இறைத்ததில்லை. வாளியைக் கீழே விடும்போதே தொடங்கிவிடுவாள்.

"கருமி. நேத்து இருந்த தண்ணிய எங்கடி ஒளிச்சு வச்சிருக்க?"

பாதி வாளிதான் ஏறும். அதைச் சோளப் பாத்தியில் ஊற்றிவிட்டு வந்து, குனிந்து மிச்ச வசவைக் கொட்டுவாள். கிணறு அதே சொல்லை அடியிலிருந்து அவளுக்கே திருப்பி அனுப்பும். பார்க்கிறவர்களுக்கு இரண்டு சக்களத்திகள் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்துவது போலத்தான் இருக்கும்.

கிணற்றை மட்டுமல்ல. கதிர் கொத்த வரும் மயிலைத் திட்டுவாள், மண்ணாங்கட்டியால் குறி தப்பாமல் அடிப்பாள். அதே மயில் வரப்போரம் முட்டை இட்டிருந்தால் அந்த இடத்தை விட்டுவிட்டுக் களை கொத்துவாள். "பொழச்சுப் போ, நாசமாப் போனவளே." வானத்தைத் திட்டுவது தனி. மேகம் கூடிக் கலைகிற நாளில், இடுப்பில் கை வைத்துக்கொண்டு, கூலி வாங்கிவிட்டு வேலைக்கு வராத ஆளைக் கேட்பது மாதிரி கேட்பாள்.

நிலம் அம்மா வழியில் வந்தது. பண்ணையில் ஆயுசு முழுக்கக் களையெடுத்தவளுக்குக் கடைசியில் கிடைத்தது, கல்லங்குறிச்சிக்குக் கிழக்கே, ஓடையோரம் யாரும் சீந்தாத ஒரு துண்டுக் கரிசல். கிணறு வெட்டியபோது மண்ணைவிடக் கல்தான் அதிகம் வந்தது. கல்லுக்குள் நத்தைகள் உறைந்து கிடந்தன.

அந்தக் கல்லுக்காகத்தான் பிறகு சிமெண்ட் கம்பெனி வந்தது. பக்கத்துப் பருத்திக் காடுகள் ஒவ்வொன்றாகக் கைமாறிப் பள்ளமாயின. ஊர் அதை மைன்ஸ் என்றது. பள்ளம் ஆழமாக ஆக, கல்லிடுக்கில் ஊறிய தண்ணீரைக் கம்பெனி மோட்டார் வைத்து வெளியே தள்ளியது. ஊர்க் கிணறுகள் பள்ளத்துக்குக் கிட்டத்தில் இருந்து தூரத்துக்கு வரிசையாக வற்றின. தோண்டிய மண்ணை ஓடையில் கொட்டியதில் ஓடை ஒரு மேடானது. இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம், மழையும் தொடர்ந்து பொய்த்துவிட்ட பிறகு, சுற்று வட்டாரத்தில் தண்ணீர் நின்றது கலியம்மாளின் கிணற்றில் மட்டும். ஏன் நின்றது என்று யாருக்கும் தெரியாது. அவளுக்கும் தெரியாது. "என்னெச் சண்டைக்கு இழுக்கத்தான் நிக்கிது" என்பாள். மோட்டார் வைக்க ஒப்பவில்லை. கையால் இறைத்தாள். கையால் இறைக்கிற தண்ணீருக்கு எவ்வளவு சோளம் தாங்குமோ அவ்வளவுதான் விதைத்தாள்.

அவளுடைய காடு பள்ளத்துக்கும் தார் ரோட்டுக்கும் நடுவில் கிடந்தது. அதைத் தாண்டி வழி இல்லாததால் கம்பெனி லாரிகள் ஊர்த்தெரு வழியாகச் சுற்றிப் போயின. சோற்றில் புழுதி விழுந்தால், தெருவில் ஆடு அடிபட்டால், குழந்தை இருமினால், பழி லாரிக்குப் போவதற்கு முன் கலியம்மாளுக்கு வந்தது.

அப்படி வரவைத்தவன் அரியமுத்து. அவளுக்குச் சித்தி மகன், தம்பி முறை. கம்பெனிக்கு நிலம் பேசி முடித்துக் கொடுப்பது அவன் தொழில். ஆவணி மாசம் ஒரு நாள் பைக்கில் வந்தான். பின்னால் அவள் புருஷன் வீரமுத்து உட்கார்ந்திருந்தான். அவனும் மைன்ஸில்தான் துளை போடுகிற ஆட்களோடு காண்ட்ராக்டில் வேலை பார்த்தான்.

"அக்கா, அடுத்த புதங்கிழமை பத்திர ஆபீஸ்ல ஆளு வராங்க. ஒரு ரேகைதான. மாமாவுக்கு வேல பர்மனென்ட் ஆயிரும்."

"மாமாவுக்குப் பர்மனென்டு. எனக்கு?"

"உனக்கு டவுன்ல வூடு."

"டவுன்ல போயி யாரத் திட்றது?"

வீரமுத்து பைக்கை விட்டு இறங்காமலே சொன்னான். "இதுகிட்டப் பேச்சுக் குடுக்காத மாப்ள. வெறுங் கல்லக் கட்டிக்கிட்டு அழுவுது."

"ஒன்னயும் கட்டிக்கிட்டுதான் அழுவுறேன். கல்லுல தண்ணியாச்சும் வருது."

அரியமுத்து சிரிக்கவில்லை. காட்டை ஒரு சுற்றுப் பார்த்தான். "ஊரு பொறுமையா இருக்கும்னு நெனைக்காத அக்கா" என்றான். பைக் போன புழுதி சோளத்தின் மேல் அடங்க வெகுநேரம் பிடித்தது.

அந்த வாரமே பேச்சு கிளம்பியது. மழையை வாய்க்கு வந்தபடி திட்டுகிறவள் ஊருக்குள் இருந்தால் மழை எப்படி வரும்? அவள் நாக்கு கருநாக்கு. அவள் மேகத்தைப் பார்த்துப் பேசிய நாளெல்லாம் மேகம் கலைந்துதான் போனது. மேகம் கலைந்த பிறகுதான் அவள் திட்டினாள் என்பதை யாரும் யோசிக்கவில்லை. யோசித்தவர்கள் சொல்லவில்லை.

மழை தவறினால் கொடும்பாவி கட்டி இழுப்பது அந்தப் பக்கத்து வழக்கம். வைக்கோலில் ஒரு பொம்பளை உருவம் கட்டி, சேலை சுற்றித் தெருத்தெருவாக இழுத்து, மாரடித்து ஒப்பாரி வைத்து, ஊர் எல்லையில் கொளுத்துவார்கள். ஊர் செய்த பாவத்தையெல்லாம் அந்தப் பொம்மை சுமந்துகொண்டு போகும். எந்தப் பாவம், யார் செய்தது என்று வழக்கமாக யாரும் கேட்பதில்லை. இந்தத் தடவை கேட்காமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

கொடும்பாவி இழுத்த சாயங்காலம், தப்பு மேளச் சத்தம் ஓடைப் பக்கம் திரும்பியபோது கலியம்மாள் பாத்தி மாற்றிக்கொண்டிருந்தாள். சோளம் பால் பிடிக்கிற நேரம். இரண்டு நாள் தண்ணீர் தப்பினால் கதிர் பதராகிவிடும். ஊர்வலம் ஊர் எல்லையில் இருக்கிற ஓடை மேட்டுக்குப் போக அவள் வரப்பை ஒட்டித்தான் போகவேண்டும். நிமிர்ந்து பார்த்தாள்.

முதலில் அடையாளம் தெரிந்தது சோளத்தட்டை. பஞ்சத்தில் ஊரில் யாரிடமும் வைக்கோல் இல்லை. போர் போட்டு வைத்திருந்தது அவள் ஒருத்திதான். பிறகு சேலை. கத்தரிப்பூ நிறம், ஓரத்தில் அவளே தைத்த கிழிசல். பெட்டிக்குள் இருந்த சேலை. பெட்டியைத் திறக்க அவளை விட்டால் இன்னொருத்தனுக்குத்தான் உரிமை. அவன் எங்கே என்று தேடினாள்.

வீரமுத்து பொம்மைக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தான். இடுப்பில் ஈரமில்லாத வேட்டி, கையில் கொள்ளிச்சட்டி. கால் பின்னியது. குடும்பம் விளங்காது என்று பயந்து கொடும்பாவிக்குக் கொள்ளி வைக்க எவனும் முன்வரமாட்டான். அரியமுத்து அவனுக்கு மதியத்திலிருந்தே ஊற்றிக் கொடுத்திருந்தான்.

அரியமுத்துவின் பெண்டாட்டி கண்ணகி ஒப்பாரியை எடுத்தாள். நல்ல குரல் அவளுக்கு.

"மேகங் கருக்கலையே, ஏ பாவி,
நீ வாய்தொறந்த நாள் மொதலா.
ஓட பெருகலையே, ஏ பாவி,
உன் காடு காத்த நாள் மொதலா."

மற்றப் பெண்கள் மாரில் அடித்துக்கொண்டார்கள். யாரும் வரப்புப் பக்கம் திரும்பவில்லை. கலியம்மாள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றாள். தன்னுடைய சாவு ஊர்வலம் எவ்வளவு நீளம் இருக்கிறது என்று பார்க்கிற வாய்ப்பு எல்லோருக்கும் கிடைப்பதில்லை.

ஓடை மேட்டில் அடுக்கினார்கள். தோளில் குடத்தோடு வீரமுத்து சுற்றி வந்தான். மூன்று இடத்தில் ஓட்டை போட்டார்கள். ஒன்றிலிருந்தும் தண்ணீர் ஒழுகவில்லை. வெறும் குடம். அதை உடைத்தபோது உலர்ந்த ஓடு மட்டும் சிதறியது. பிறகு தீ வைத்தான். காய்ந்த தட்டை ஒரே மூச்சில் எரிந்து அடங்கியது.

அதற்கப்புறம்தான் ஊர் விழித்துக்கொண்டது. கொள்ளி வைத்தாயிற்று. தீட்டு வந்தாயிற்று. குளிக்காமல் எவரும் வீட்டுக்குள் கால் வைக்க முடியாது. கொள்ளி வைத்தவன் முதலில் குளிக்கவேண்டும், அப்புறம் மற்றவர்கள். முன்னெல்லாம் கொடும்பாவி எரித்தால் ஏரியில் கலங்கலாவது கிடக்கும். இப்போது ஏரி வெடித்துக் கிடந்தது. கம்பெனி அனுப்புகிற தண்ணி லாரி அன்றைக்கு வரவில்லை. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் ஒரே பக்கம் பார்த்தார்கள்.

கலியம்மாள் கிணற்று மேட்டில் உட்கார்ந்திருந்தாள். கயிற்றைச் சுருட்டி மடியில் வைத்திருந்தாள்.

"யாரு செத்தது?" என்று கேட்டாள்.

கூட்டம் மேட்டுக்குக் கீழே வந்து நின்றது.

"தட்ட என் போர்ல உருவுனது. சேல என் பொட்டில இருந்தது. மூஞ்சிய யாரு வரஞ்சிங்க? எனக்கு மூக்கு அவ்ளோ பெருசா?"

கூட்டத்தில் யாரோ சிரித்து, பாதியில் நிறுத்தினார்கள்.

"ஊரு கூடிச் செஞ்சது அண்ணி" என்றாள் கண்ணகி. "மழைக்காவ."

"பாட்டு நல்லாதாண்டி இருந்திச்சு. ரெண்டாவது அடிய இன்னும் இழுத்திருக்கணும். என்னெ நெனச்சு அழுதிருந்தா வந்திருக்கும். தண்ணி லாரிய நெனச்சு அழுதா எப்புடி வரும்?"

அரியமுத்து முன்னால் வந்தான். "போதும் அக்கா. புள்ளைங்கல்லாம் வெளிய நிக்கிது. வாளியக் குடு."

அவள் சோளத்தைப் பார்த்தாள். தண்ணீர் போகாத பாத்திகள் இன்னும் பாதிக்கு மேல் இருந்தன. கிணற்றில் இருப்பது சோளம், ஊர்க் குளியல் இரண்டில் ஒன்றுக்குத்தான் காணும். இல்லை என்று சொல்லிவிடலாம். பிடுங்கி இறைத்துக்கொள்ளட்டும், பிடுங்கியவர்கள் என்ற பேராவது மிஞ்சும். ஆனால் அம்மா ஞாபகம் வந்தது. பண்ணைக் கிணற்றில் கயிற்றைத் தொடக்கூடாது; யாராவது மனசு வைத்து ஊற்றுகிறவரை அம்மா கையேந்தி நிற்பாள். இங்கே நிற்கிற அத்தனை பேரின் அம்மாக்களும் அப்படி நின்றவர்கள்தான். கிணற்று மேட்டில் உட்கார்ந்துகொண்டு இல்லை என்று சொல்கிற வாய் எப்படி இருக்கும் என்று கலியம்மாளுக்குத் தெரியும். அந்த வாய் தனக்கு வேண்டாம்.

"வாளியக் குடுக்க மாட்டேன். நான் எறைக்கிறேன், நான் ஊத்துறேன். கயித்த எவனும் தொடக்கூடாது. ஆளுக்கு ஒரு வாளி. கொள்ளி வச்சவன் வா."

வீரமுத்து வந்தான். போதை இறங்கியிருந்தது.

"குனியி."

தலையில் ஊற்றினாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "வூட்டுக்குப் போலாமா" என்றான்.

"எந்த வூட்டுக்கு? கொள்ளி வச்சவனுக்குப் பதினாறு கழியணும். உன் மச்சான் வூட்டுத் தாவாரத்துல போயிப் படு."

"புதங்கிழமை ஆபீசுக்கு..."

"செத்தவ ரேகை வைக்க மாட்டா." இதை மட்டும் ஊருக்கே கேட்கச் சொன்னாள். "தப்படிச்சவங்க, மாரடிச்சவங்க, அத்தன பேரும் சாட்சி. போயி உன் மைன்ஸ் ஆபீசுல சொல்லு, பொண்டாட்டி போயிட்டான்னு."

வரிசை நகர்ந்தது. பெண்கள், பிள்ளைகள், தப்படித்தவர்கள். ஒவ்வொருவரும் அவள் முன்னால் குனிந்து, தண்ணீரை வாங்கிக்கொண்டு, நன்றி சொல்லாமல் போனார்கள். அவளும் ஒருவரையும் சும்மா விடவில்லை. குனிந்த தலை ஒவ்வொன்றுக்கும் ஒரு வசவு இருந்தது. கண்ணகிக்குக் கொஞ்சம் கூடுதலாகவே கிடைத்தது.

அரியமுத்து கடைசியில் வந்தான். அவள் உடனே ஊற்றவில்லை. அவன் உள்ளங்கையில் கொஞ்சம் தண்ணீர் விட்டாள்.

"இத ஏந்திக்கிட்டு கலியுகப் பெருமா மேல சத்தியம் பண்ணு. இந்தக் காட்டுப் பக்கம் கம்பெனிக்காரனக் கூட்டியார மாட்டேன்னு."

கையில் இருந்த தண்ணீரை அவன் பார்த்தான். விரலிடுக்கில் அது வடிந்துகொண்டிருந்தது. "ஒரு வாளித் தண்ணிக்கு என் பொழப்பக் கேக்குறியா?"

"ஒரு ரேகைக்கு என் பொழப்பக் கேட்டியே."

கையை உதறிவிட்டுப் போனான். வீட்டு வாசலில் கண்ணகி ஈரத்தலையோடு நின்றாள். "தீட்டோட உள்ள கால வச்சிராத" என்றாள். அவன் அதே வேட்டியோடு பஸ் ஏறி அரியலூர் போய், ஒரு லாட்ஜில் ரூம் போட்டுக் குளித்துவிட்டு, சோப்பு வாசனையோடு திரும்பி வந்தான். ஊர் சிரித்தது. அவன் எதிரில் சிரிக்கவில்லை.

மழை வரவில்லை. புதன்கிழமை மதியம் கண்ணகி குடத்தோடு கிணற்றுக்கு வந்தாள்.

"ஆபீஸ்ல ஆளுங்க காத்திருந்துட்டுப் போயிட்டாங்களாம். இனிமே உன் காட்டக் கேக்க மாட்டாங்களாம். லாரிய ஊரு வழியாவே வுடறதாம், ரோட்ட அகலப்படுத்த நாலு வூட்டு முன்வாசல இடிக்கணுமாம். ஊரே உன்னத்தான் கரிச்சுக் கொட்டுது."

"கொட்டட்டும்."

"அதுல எங்க வூடும் ஒண்ணு."

கலியம்மாள் வாளியைக் கிணற்றுக்குள் விட்டாள்.

"உன் புருசனுக்கு வேற நான் சோறு போட்டுக்கிட்டு இருக்கேன். ராவெல்லாம் கொறட்ட."

"கொள்ளி வச்சவனுக்கு ஊருதான் சோறு போடணும்."

வாளி மேலே வந்தது. காப்பி நிறத்தில் இருந்தது தண்ணீர்.

"கலங்கலா இருக்கே அண்ணி."

"உங்க ஒடம்பு ஊத்ததான். தெளியணும்னா நில்லு."

கண்ணகி நிற்கவில்லை. முந்தானையில் வடிகட்டிக்கொள்கிறேன் என்று கலங்கலையே வாங்கிக்கொண்டு போனாள். கலியம்மாள் அடுத்த வாளியைச் சோளத்துக்குத் தூக்கிக்கொண்டு போனாள். ஓடைப் பக்கத்துப் பாத்திகளில் தோகை சுருண்டு கதிர் வெளுத்திருந்தது. கதிர் ஒன்றைக் கசக்கிப் பார்த்தாள். பால் இல்லை, உமிதான் வந்தது. கிணற்றை ஒட்டிய பாத்திகளில் இன்னும் உயிர் இருந்தது. தண்ணீரை அங்கே ஊற்றினாள்.

"உங்களுக்கு இல்ல" என்றாள் வெளுத்த பாத்திகளைப் பார்த்து. "ஊரு குளிச்சிருச்சு."