உச்சியைத் தாண்டிய மிதி

"பதினாறு… பதினேழு… இருபது" என்று எண்ணினார் கணவர்.

கட்டிலில் குதிகாலைத் தேய்த்து இழுத்து முழங்காலை மடக்கிக்கொண்டிருந்த தபாலக்கா அப்படியே நிறுத்தினார். "பதினெட்டும் பத்தொம்பதும் எங்கேங்க போச்சு?"

"வந்துச்சே. நீ கவனிக்கல."

"கவனிக்காம நான் என்ன தூங்கிட்டா இருக்கேன்? பதினேழுல இருந்து ஆரம்பிங்க."

மனைவியின் முகம் வலியில் சுருங்குவதைப் பார்க்கப் பொறுக்காமல் அவர் தினமும் இரண்டு எண்களையாவது விழுங்கப் பார்ப்பார். அக்கா ஒரு நாளும் விட்டதில்லை. அதே பிசியோதெரபி அறையில், அடுத்த கட்டிலில், அறுவை செய்த தோளோடு நான். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாலும் காதெல்லாம் அங்கேதான்.

அக்காவுக்கு வயது ஐம்பத்தேழு. முப்பத்தோரு வருடமாகச் சைக்கிளில் போய்க் கடிதம் கொடுப்பவர். வலது முழங்கால் தேய்ந்துபோய்ச் செயற்கை மூட்டு வைத்து ஆறு வாரம் ஆகிறது. மூன்றாம் மாத முடிவில் மருத்துவர் கையெழுத்துப் போட்டால் பழைய தெருக்கள். இல்லாவிட்டால் ஓய்வு பெறும்வரை முத்திரை குத்தும் நாற்காலி. "உக்காந்த எடத்துல வேலைன்னு எல்லாரும் சந்தோஷப்படுறாங்க. எனக்குத்தான் தெருவ விட்டுட்டு இருக்க முடியாது" என்பார்.

ஒன்பது மணிக்கு வரச் சொன்னால் எட்டரைக்கே வந்துவிடுவார். வலி மாத்திரை வீட்டிலேயே உள்ளே போயிருக்கும். "அது வேல செய்ய ஆரம்பிக்கவும், இவங்க என் கால மடக்க ஆரம்பிக்கவும் சரியா இருக்கணும்." கையில் ஒரு பழைய தபால் உறை. அதன் முதுகில் அன்றைய சந்தேகங்கள், பொடி எழுத்தில். பதில் கிடைத்ததும் ஒவ்வொன்றாக அடிப்பார்.

"முட்டிக்கு அடியில தலகாணி வெச்சுத் தூங்கலாமா, டாக்டரம்மா?"

"கூடவே கூடாது. குதிகாலுக்கு அடியில வைங்க. அப்பதான் கால் நேரா நீளும்" என்பார் பிசியோதெரபிப் பெண். சின்ன உருவம், கட்டைவிரல்கள் மட்டும் இரும்பு. "வலி பத்துக்கு எத்தன?"

"எட்டுன்னு சொல்லேன், விட்ருவாங்க" என்று கணவர் காதோரம் கிசுகிசுப்பார்.

"ஆறுன்னா ஆறுதான். இவங்ககிட்டயே பொய் சொன்னா அப்புறம் யாருகிட்டங்க உண்மையச் சொல்றது?"

இந்தக் கறார் பட்டுத் தெரிந்துகொண்டது. நான்காம் வாரத்தில், முப்பது முறை செய்யச் சொன்னதை வீட்டில் நூறு முறை செய்திருக்கிறார். மறுநாள் முழங்கால் பூசணிக்காயாக வந்து நின்றது. தொண்ணூற்றிரண்டு டிகிரி மடங்கிய கால் எண்பத்துநாலுக்கு இறங்கிவிட்டது. டாக்டரம்மா திட்டவில்லை. "நாளைக்கு வரப்போற லெட்டர இன்னிக்கே குடுக்க முடியுமாக்கா?" என்று மட்டும் கேட்டார். அக்கா மூன்று நாள் ஐஸ் பொதியும் கையுமாகக் கிடந்தார். அதன் பிறகு சொன்ன எண்ணிக்கைக்கு ஒன்று கூடாது, ஒன்று குறையாது.

அறையின் மூலையில், நின்ற இடத்திலேயே மிதித்துப் பயிற்சி செய்ய, ஓடாத சைக்கிள் ஒன்று உண்டு. அக்காவின் கண் எப்போதும் அதன் மேல்தான். ஏறி உட்கார்ந்தால் பாதி முன்னே, பாதி பின்னே என்று தொட்டில் மாதிரி ஆட்டத்தான் முடிந்தது. உச்சிக்கு வரும்போது மிதி நின்றுவிடும். போன வியாழக்கிழமை பின்பக்கமாக ஒரு முழுச் சுற்று வந்தது. அறையே கைதட்டியது. "பின்னாடியே போனா எப்படி? குடுத்த லெட்டர எல்லாம் திரும்ப வாங்கிட்டு வரவா?" என்று அக்கா சலித்துக்கொண்டார். ஆனால் அன்று முழுக்கச் சிரிப்பு அடங்கவில்லை.

இன்று அளந்தபோது நூற்றெட்டு. டாக்டரம்மா சைக்கிளைக் கைகாட்டினார்.

"இடுப்பத் தூக்கக் கூடாது. மூச்ச அடக்கக் கூடாது. முன்பக்கமா."

மிதி மேலே போனது. நின்றது. அக்கா விட்டுக்கொடுத்துக் கீழே இறக்கினார். மறுபடி மேலே, மறுபடி நின்றது. நெற்றி வேர்வை மூக்கு நுனிக்கு வந்துவிட்டது. தோள் பயிற்சிக்காக நான் இழுத்துக்கொண்டிருந்த கயிற்றை விட்டுவிட்டு எழுந்து சைக்கிளுக்கு எதிரே போய் நின்றேன்.

"கால்ல கெடக்குற பயத்த விடுங்கக்கா. மூட்டு தயாரா இருக்கு" என்றார் டாக்டரம்மா.

மூன்றாம் முறை மிதி உச்சியில் நடுங்கியது. ஒரு நொடி. பிறகு, யாரோ கதவைத் திறந்துவிட்டதுபோல, வழுக்கிக்கொண்டு அந்தப் பக்கம் இறங்கியது.

"போயிருச்சு! போயிருச்சுங்க!"

இரண்டாவது சுற்று. மூன்றாவது. டாக்டரம்மா தன் வயதை மறந்து குதித்தார். சைக்கிள் வாசலைத் தாண்டி ஓடிவிடப் போகிறது என்பதுபோல் கணவர் பின்னாலிருந்து சீட்டை இறுகப் பிடித்துக்கொண்டார். அக்கா எங்கள் யாரையும் பார்க்கவில்லை. முதுகு நிமிர்ந்திருந்தது, பார்வை எனக்குப் பின்னால் வெகுதூரத்தில். வழியை மறித்து நின்ற என்னைக் கண்டதும் அவருடைய கட்டைவிரல் கைப்பிடியை ஒட்டி நகர்ந்து, அங்கே இல்லாத மணியை இரண்டு முறை அழுத்தியது.