மண்வெட்டிக்காரர் வளைத்த கார் வில்

காத்தான்குடி முகைதீன்பாவா உலையில் மண்வெட்டி அடிப்பதில் சக்கரவர்த்தி. அவர் அடித்த மண்வெட்டியைக் கண்டால் வயல்வட்டை மண் தானாக எழுந்து வரம்பாகும் என்று வாங்கியவர்கள் சொன்னார்கள். வாங்காதவர்களிடம் அவரே சொன்னார். இப்பேர்ப்பட்டவரை ஒரு வாடகைக் கார் மண்டியிட வைத்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டாம் ஆண்டில்.

மகள் றமீஸாவுக்கு ஏற்கெனவே இரண்டு சம்பந்தம் குலைந்திருந்தது. மூன்றாவதாக வந்த ஏறாவூர் மாப்பிள்ளை வீட்டார் சீதனத்தில்கூடத் தாராளம் காட்டினார்கள்; மாப்பிள்ளை காரில்தான் வருவார் என்பதில் மட்டும் அசையவில்லை. மாட்டு வண்டி என்றால் காவின் எழுத்தும் இல்லை, கல்யாணமும் இல்லை.

நல்ல கார்களையெல்லாம் யுத்தத்துக்கென்று பட்டாளம் கொண்டுபோய்விட்டது. மிஞ்சியது கல்லடித் தங்கராசாவின் கார். பட்டாளம் அதையும் பார்த்தது. பார்த்துவிட்டு மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தது. நெல் மூட்டை சுமந்து சுமந்து, பின்பக்கத்தைத் தாங்கும் இரும்பு வில்லுப் பட்டைகள் நிமிர்ந்து தட்டையாகி, முட்டையிடக் குந்திய கோழிபோல இருந்தது கார். புது வில்லு வரக் கப்பல் இல்லை.

“பட்டைய வளைச்சுத் தாங்க காக்கா, மாப்பிள்ளைய நான் கொண்டு வாறன்,” என்றான் தங்கராசா.

முகைதீன்பாவா பட்டைகளைப் பழுக்கக் காய்ச்சி, அடித்து வளைத்தார்.

“எண்ணெயில தோய்ச்செடுங்க. தண்ணியில போட்டா வெடிச்சிரும்,” என்றான் தங்கராசா.

“தம்பி, நீ ஓட்டுறவன், ஓட்டு. எண்ணெயில போட இதென்ன றால் பொரியலா? என்ட வாப்பா மண்வெட்டி தோய்ச்ச தொட்டி இது.”

பட்டைகள் சீறிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கின. பிறை போல வளைந்திருந்தவற்றைப் பூட்டியதும் காரின் பிட்டம் வானத்தைப் பார்த்தது. பின்சீற்றில் குந்தியவர் வழுக்கிச் சாரதியின் பிடரியில் போய் நின்றார்.

முகைதீன்பாவாவின் மனைவி கைறுன்னிஸா காரைச் சுற்றி வந்தாள். “இஞ்சருங்க, இது மாப்பிள்ளைய கொண்டு வாற காரா, கொட்டுற காரா?”

பெண்ணைப் பெற்றவர் மாப்பிள்ளையை அழைக்கப் போவது எந்த ஊரிலும் முறையில்லை. ஆனால் முகைதீன்பாவாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சம்மட்டியும் கயிறுமாகக் காரின் மிதிபலகையில் தொற்றிக்கொண்டார். ஒவ்வொரு குழிக்கும் ஒரு ஸலவாத்து ஓதினார். குழிகள் அதிகம், வாய் உலர்ந்தது.

ஏறாவூரில் மாப்பிள்ளை வீட்டாரை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது, கல்லடிப் பாலம் தாண்டியதும் கீழே ‘டமார்’ என்றது.

“ஜப்பான்காரன்!” என்று அலறி, மாப்பிள்ளையின் தாய்மாமன் பட்டுச் சாரனோடு ரோட்டில் குப்புற விழுந்தார். குண்டு ஒன்றும் வராததால் கோபத்தோடு எழும்பினார். “சகுனம் பிழை. காரத் திருப்பு!”

“திருப்புறதுக்கும் இந்தக் கார்தானே முதலாளி ஓட வேணும்,” என்றான் தங்கராசா.

முகைதீன்பாவா காருக்கடியில் புகுந்தார். பட்டைகள் கண்ணாடி போல ஒடிந்து கிடந்தன. மண்வெட்டி வாய்க்குத் தண்ணீரில் கொடுத்த முறுக்கை வில்லுக்குக் கொடுத்திருக்கிறார். வளையத் தெரியாமல் செத்திருக்கிறது இரும்பு. மூன்றாவது சம்பந்தமும் போனால் றமீஸாவின் முகத்தில் எப்படி முழிப்பது? அழுவதற்கு அந்த இடம் வசதியாக இருந்தது, கொஞ்சம் அழுதார். பிறகு வெளியே வந்து, வேலியோரம் கிடந்த இரண்டு தென்னங்குற்றிகளை இழுத்து, அச்சுக்கும் கார் உடம்புக்கும் நடுவே பக்கத்துக்கொன்றாகச் சம்மட்டியால் அடித்து இறுக்கிக் கட்டினார்.

“கொஞ்சம் ஆடும் மகன்,” என்றார் மாப்பிள்ளையிடம்.

காத்தான்குடி வரைக்கும் இருந்த கல் ஒவ்வொன்றும், இடையில் வில்லு என்ற தடை இல்லாமல், மாப்பிள்ளையின் முதுகெலும்பைத் தனித்தனியாக விசாரித்தது.

பந்தலில் மெத்தை போட்டிருந்தார்கள். மாப்பிள்ளை அதைப் பார்த்தார், குந்த மறுத்துவிட்டார். நிக்காஹ் ஓதிவைக்க வந்த லெவ்வை முறைப்படி முகைதீன்பாவாவின் கரிக்கையை மாப்பிள்ளையின் கையில் வைத்து, சொல்ல வேண்டியதைச் சொல்லிக் கொடுத்தார். முகைதீன்பாவா திக்கித் திக்கிச் சொல்லி முடித்தார்.

இனி மாப்பிள்ளை ஒப்புக்கொண்டதாக ஒரு சொல் சொல்ல வேண்டியதுதான் மிச்சம். லெவ்வை செருமினார்.

“மாமா,” மாப்பிள்ளை மெல்லக் குனிந்தார், “விருந்துக்கு எங்கட உம்மாட ஊட்டுக்குப் போறதும் இந்தக் காரிலதானா?”

“அல்லா மேல ஆண, இல்ல மகன்! வாவியால தோணியில அனுப்புறன். தோணிக்கு வில்லே இல்ல.”

“கபூல்,” என்றார் மாப்பிள்ளை, நின்றபடியே.