சுரண்டாமல் போட்ட ரோடு

எங்கள் குடும்பம் ரோடு போடுகிற குடும்பம். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் தகுதி அத்தை ஒருத்திக்குத்தான் உண்டு. அவளுடைய தம்பிகளான என் பெரியப்பாவுக்கும் அப்பாவுக்கும் கிடையாது. இதைப் படித்து அவர்களுக்குக் கோபம் வந்தால் வரட்டும், எனக்கும்தான் வருகிறது.

தாத்தா ஒரு வாடகை ரோலரை வைத்துக்கொண்டு கம்பெனியை ஆரம்பித்தார். பிள்ளைகள் இரண்டு பேரும் தார் நாற்றம் குமட்டுகிறது என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். அத்தை பள்ளிக்கூடம் விட்டதும் ரோலரில் ஏறி உட்கார்ந்துவிடுவாள். கல்யாணமாகி, அது சரிப்படாமல் திரும்பி வந்த மறுநாளே வேலைக்குப் போனாள். தாத்தா சைகை காட்டுவார், அவள் ஓட்டுவாள். உள்ளங்கையை விரித்தால் நில். விரல்களை மடக்கி அழைத்தால் இன்னும் வா. இன்ஜின் இரைச்சலில் வாய்ப்பேச்சு எடுபடாது.

பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் புதுத் தார் போடக் கூடாது என்பதில் தாத்தா ஒரே பிடிவாதம். அவர் பக்கவாதத்தில் படுத்ததும் முதலாளி நாற்காலியில் யார் உட்கார்ந்தது? மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடினவர்கள்தான். சுரண்டுவது தண்டச் செலவென்று முதல் வேலையாக அதை நிறுத்தினார்கள். பழசின் மேல் புதுசு, அதன் மேல் இன்னொன்று. ஊரெங்கும் ரோடு உயர்ந்தது, வீடுகள் தாழ்ந்தன. இவர்கள் மட்டும் மாடி வீடாகப் பார்த்துக் குடிபோனார்கள். பழைய வீட்டில் தாத்தாவும் அத்தையும் இருந்தார்கள்.

அந்தத் தெருவுக்கே ரோடு போடும் வேலை எங்கள் கம்பெனிக்கு வந்தது. அத்தை ஆபீசுக்கு வந்து மேஜையைத் தட்டினாள்.

"நம்ம வீடு ஏற்கெனவே பள்ளத்துல கெடக்கு. சுரண்டிட்டுப் போடுங்கடா. மழை வந்தா அப்பாவத் தூக்கிக்கிட்டு நான் எங்க ஓடுவேன்?"

"நம்ம தெருதானேக்கா, யாரு வந்து கேக்கப்போறா?" என்றார் அப்பா.

அப்படியே போட்டார்கள். ஒரு காலத்தில் ஏறிப் போன வீடு இன்னும் ஆழமாக இறங்கிப் போகிற வீடானது. தெருமுனை வடிகாலின் வாயையும் சேர்த்து மூடிவிட்டுப் போனார்கள், புண்ணியவான்கள்.

முதல் மழையிலேயே தண்ணீர் நேராக வீட்டுக்குள் வந்தது. அத்தை போன் செய்தபோது நான் அப்பாவின் பக்கத்தில்தான் இருந்தேன்.

"கட்டில் கால் முழுகிடுச்சு, வாடா."

அப்பா டீயை ஊதிக்கொண்டே சொன்னார்: "மோட்டார் வச்சு எறச்சுடுக்கா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செருப்பைக்கூடத் தேடாமல் ஓடினேன்.

நான் போய்ச் சேர்வதற்குள் அத்தை கம்பெனி ஷெட்டிலிருந்து பொக்லைனை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அக்கம்பக்கத்தார் தாத்தாவைத் தூக்கி ஜன்னலோரம் மேஜை மேல் உட்கார வைத்திருந்தார்கள். அத்தை வாசலிலிருந்து வடிகாலைப் பார்த்துப் புதுத் தாரைப் பெயர்த்துக்கொண்டே போனாள். பாதி தூரத்தில் தம்பிகள் காரில் வந்து இறங்கினார்கள். பெரியப்பா பொக்லைனுக்கு முன்னால் போய்க் கையை விரித்து நின்றார்.

"நாம போட்ட ரோட்ட நாமளே ஒடைக்கறதா? ஊரு சிரிக்கும்!"

"ஊரு முழங்கால் தண்ணியில நிக்குது. சிரிக்கற நெலமையிலயா இருக்கு? தள்ளுடா."

அவர் தள்ளவில்லை. அத்தை இன்ஜினை நிறுத்தாமல் ஜன்னலைப் பார்த்தாள். தாத்தாவின் வலது கை எப்போதோ விழுந்துவிட்டது. இடது கையைக் கம்பிக்கு வெளியே நீட்டி, விரல்களை மடக்கி மடக்கி அவளை அழைத்தார்.

பெரியப்பாவுக்கும் அந்தச் சைகை தெரியும். ஒதுங்கினார்.