ஷிஃப்ட் தெரியாத தூக்கம்

எவாஞ்சலின் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியில் உடலியல் உதவிப் பேராசிரியை. நெய்வேலி குவார்ட்டர்ஸில் குடியிருப்பு. இளம் ஆசிரியர்களை ஆராய்ச்சிக்குப் பழக்கும் பயிற்சி ஒன்றில் அவளுக்கு இடம் கிடைத்தது. கூடவே சென்னையிலிருந்து ஒரு வழிகாட்டியும் கிடைத்தார், டாக்டர் செங்குட்டுவன்.

சுரங்கத் தொழிலாளர்களின் தூக்கம்தான் அவள் தலைப்பு. தூக்கத்தைப் பதியும் பட்டையைக் கையில் கட்டிக்கொள்ள ஆட்கள் முண்டியடித்தார்கள். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க, ஷிஃப்ட் வாடையே படாமல் தினமும் ஒரே நேரத்தில் தூங்குகிறவர்களும் வேண்டும். பயிற்சியின் அடுத்த முகாமுக்குள் அவர்களைப் பிடிக்காவிட்டால் அதிலிருந்து அவள் பெயர் போய்விடும்.

ஊரே சுரங்க ஷிஃப்டில் ஓடும் நெய்வேலியில் அப்படி ஆள் தேடுவதைப் போல வெட்டிவேலை உண்டா? மாமனார் பாக்கியசாமி முதல் ஆளாகக் கையை நீட்டினார். "நான் மைன்ஸ்லேருந்து ரிட்டையர் ஆனவன்தானம்மா, எனக்குக் கட்டு."

பார்த்தால், மனிதர் ஒரு வாரம் ராத்திரி தூங்கினார், மறுவாரம் பகலில் தூங்கினார். கேட்டதற்கு, "இந்த வாரம் எனக்கு நைட் ஷிஃப்ட்மா" என்றார், கொஞ்சமும் சிரிக்காமல்.

நெசவாளர்களைத் தேடிப் பக்கத்திலிருந்த குறிஞ்சிப்பாடிக்குப் போனாள். நெசவாளி தனகோடி கையை விரித்தார். "எம்மவன் மைன்ஸ்ல கான்ட்ராக்ட்டுங்க. அவன் நைட்டு முடிச்சிட்டு வந்து தூங்கிகினு இருக்கும்போது தறி ஓட்ட முடியுமாங்க? வூடே அவங்கூட சேந்து தூங்கிடும்."

வழிகாட்டியிடம் சொல்லி அழலாமென்றால், வாராவாரம் வீடியோ அழைப்பில் மதியம் மணி மூன்றானதும் அவர் தூங்கிவிடுவார். எவாஞ்சலினுக்கு அவமானம் பிடுங்கித் தின்னும். தன் ஆராய்ச்சி ஒருவருக்கும் வேண்டாததோ என்று நினைத்துக்கொள்வாள்.

முகாமுக்கு முன்னால் அவர் நேரிலேயே அவள் வீட்டுக்கு வந்தார். வயிறாரச் சாப்பிட்டார். "ஒப்பிட ஆள் கிடைச்சாங்களாம்மா?" என்று கேட்டார். அவள் பதில் சொல்வதற்குள் தலை சாய்ந்துவிட்டது. எவாஞ்சலின் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று. கோபத்தோடு எழுப்பியவளுக்குச் சட்டென்று வேறொரு கேள்வி தோன்றியது.

"சார், தினமும் இதே நேரத்துக்குத் தூங்குவீங்களா?"

"வேலைக்குச் சேந்த நாள்லேருந்து. மீட்டிங்னாலும் சரி, கல்யாணம்னாலும் சரி."

"ராத்திரி?"

"ஒன்பது அடிச்சா இடி விழுந்தாலும் தெரியாதும்மா."

அவள் பட்டையை நீட்டினாள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒரு ஆள் போதாதேம்மா?" என்றார். அவள் ஆராய்ச்சியைப் பற்றி அவர் யோசித்துப் பேசியது அதுதான் முதல்தடவை. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் உடனே மற்ற வழிகாட்டிகளுக்கு போன் போட்டார்.

முகாமில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எவாஞ்சலின் பேச்சு. முன்வரிசையில் வழிகாட்டிகள் அத்தனை பேரும் கையில் பட்டையோடு தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவள் மைக்கைத் தள்ளி வைத்துவிட்டு, அவர்கள் விழித்துவிடாதபடி மெதுவாகப் பேச ஆரம்பித்தாள்.