கரும்பலகையில் நான் எழுதிய ‘இல்லை’

அலுவிகாரை ஊருக்கு மேலே இருக்கும் எங்கள் நாய்-பூனைக் காப்பகத்தில் ஒரு வழக்கம் உண்டு. பிழைக்குமோ பிழைக்காதோ என்று கிடக்கும் பிராணியின் கூட்டுக் கதவில் சின்னக் கரும்பலகை ஒன்றைத் தொங்கவிடுவோம். அதில் மூன்று கேள்விகள் இருக்கும்: சாப்பிட்டதா? வலி தணிந்ததா? ஆளைத் தேடியதா? தினமும் மாலையில் பதில் எழுத வேண்டும். புதன்கிழமை வரும் டொக்டர் முதலில் படிப்பது மூன்றாவது கேள்வியைத்தான். வலிக்கு மருந்து இருக்கிறது, ஆனால் ஆளைக் கண்டாலும் அசையாத பிராணியை வைத்து வதைக்கக் கூடாது என்பார். ஏழு நாளும் அங்கே ‘இல்லை’ என்றிருந்தால் கடைசி ஊசியைப் போட்டுத் தூங்க வைத்துவிடுவார்.

ஆறு வருடமாக அந்தப் பலகையில் எழுதி வந்தது நான். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

லொறி மோதிய ஒரு செவலைப் பெட்டை நாயை நான்தான் மடியில் கிடத்தி முச்சக்கர வண்டியில் கொண்டுவந்தேன். சீழ் துடைத்தது நான். சிரிஞ்சில் கஞ்சி ஊட்டியதும் நான். அது என்னைச் சுவரைப் பார்ப்பதுபோல் பார்த்தது.

அதே வாரம் இரத்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு பெண் கூடு கழுவும் வேலைக்குச் சேர்ந்தாள். படியில் அவள் செருப்புச் சத்தம் கேட்டதும் அந்த நாய் தலையைத் தூக்கியது. “என்னடி, இப்பதான் விடிஞ்சிச்சா ஒனக்கு?” என்று அவள் கேட்க, வால் தரையில் பட்பட்டென்று அடித்தது. பின்னங்கால்களை இழுத்துக்கொண்டே அவள் பக்கம் நகர்ந்தது.

எனக்கு வயிறு பற்றி எரிந்தது. பார்த்துப் பார்த்துச் செய்தவள் நான், கொஞ்சல் மட்டும் நேற்று வந்தவளுக்கா? அன்று மாலை மூன்றாவது கேள்விக்கு ‘இல்லை’ என்று எழுதினேன். என்னைத் தேடவில்லைதானே, இதில் என்ன பொய் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். அடுத்து வந்த நாட்களிலும் அப்படியே எழுதினேன். ஏழு நாளை எண்ணாமல் எழுதினேன் என்று சொன்னால் அதுவும் பொய்தான்.

புதன்கிழமை டொக்டர் பலகையைப் படித்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். பையைத் திறந்து ஊசியில் மருந்தை ஏற்றினார். பிறகு அந்தப் பெண்ணிடம் கேட்டார்:

“நீங்களும் கூடவே இருந்தீங்கதானே? ஏதும் வித்தியாசம் பார்த்தீங்களா?”

அவளுக்குக் கண்ணீர் நிற்கவில்லை. நாய் அவள் பாவாடை நுனியை நக்கிக்கொண்டிருந்தது.

“என்னப் பார்த்தா வாலாட்டுதுங்க, டொக்டர். ஆனா எனக்கு என்னங்க தெரியும்? அக்காதான் ஆறு வருஷமா பார்க்குறாங்க. அவங்க எழுதினா சரியாத்தான் இருக்கும்.”

அவள் என்னைத் திட்டியிருந்தால் நான் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அவளோ என்னை நம்பினாள். முந்தானையால் பலகையை அழித்தேன். எழுதும் சோக்கை எடுத்தேன்.

“தேடிச்சு டொக்டர். ஏழு நாளும் தேடிச்சு. என்னய இல்ல, இவள.”

 டொக்டர் ஊசியை மூடிப் பையில் வைத்தார். வலிக்கு வேறு மருந்து கொடுத்து, இன்னொரு வாரம் பார்ப்போம் என்றார். போகும்போது என் கையிலிருந்த சோக்குத் துண்டை வாங்கி அவளிடம் கொடுத்தார். இனி அவளே எழுதட்டும் என்று மட்டும் சொன்னார். 

நாய் பிழைத்துக்கொண்டது. ஒரு கால் சரியாகவில்லை. இப்போதும் காலையில் அவள் வரும் பஸ் நேரத்துக்கு மூன்று காலில் நொண்டிக்கொண்டு வாசல் வரை போய்க் காத்திருக்கும். கேட்டைத் தள்ளத் தெரியாமல் மூக்கால் முட்டும். நான்தான் போய்த் திறந்து விடுகிறேன். அது என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அவளிடம் ஓடுகிறது. எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. ஆனாலும் மறுநாள் அதே நேரத்துக்குப் போய்த் திறக்கிறேன்.